ரொட்டியில் எதற்குச் சீனி? எடிசன் முதல் ஃப்ரைபுர்க் வரை

அக்டோபர் 5, 2024, சனி – எடிசன், நியூ ஜெர்சி

மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது. வெயில் அடிக்கிறது, சூடுதான் இல்லை. பயணக் களைப்பு இன்னும் போகவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எனக்கும் அம்மாவுக்கும் முழிப்பு வந்துவிடுகிறது. தம்பி வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. பசி தாங்கவில்லை என்று அம்மா சொன்னதால், ரெண்டு துண்டு ரொட்டியை டோஸ்டரில் போட்டுக் கொடுத்தேன். வெண்ணெய்கூடத் தடவவில்லை. அம்மா ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, இது ரொட்டியா, பன்னா? சும்மா தின்னாலே இனிக்கி.”

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. மாத்திரைப் பையும் குளுக்கோமீட்டரும் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். அவள் நாக்கு இந்த விஷயத்தில் பொய் சொல்லாது. ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து விளக்கடியில் வைத்துப் படித்தேன். உறையில் கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் தேன் சொட்டும் படம். உள்ளே இருப்பது பழுப்பு நிற ரொட்டி, பார்த்தால் உடம்புக்கு நல்லது என்றுதான் தோன்றும். பின்பக்கப் பட்டியலில் முழுக்கோதுமை மாவு, தண்ணீர், மூன்றாவதாகச் சர்க்கரை. ஈஸ்ட், சோயா எண்ணெய், உப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே போகப் போகத் தேனும் மொலாசஸ் என்னும் கரும்பாகும் வந்தன. எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது இங்கே விதி. ஆக, அந்த ரொட்டியில் உப்பைவிடவும் ஈஸ்டைவிடவும் சர்க்கரை அதிகம்.

ஒரு துண்டுக்குச் சேர்த்த சர்க்கரை 3 கிராம் என்று தனி வரியில் போட்டிருந்தது. ரெண்டு துண்டுக்கு 6 கிராம், கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன். “சேர்த்த சர்க்கரை” என்ற அந்தத் தனி வரியே இங்கு புதிதுதான். 2016இல் விதி வந்து, பெரிய கம்பெனிகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. அதற்கு முன்னால் மொத்தச் சர்க்கரை என்று ஒரே எண்தான் இருக்கும். பழத்தில் இயல்பாக இருப்பது எவ்வளவு, பாக்டரியில் கொட்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழி கிடையாது.

ரெண்டு மணி நேரம் கழித்து அம்மாவின் விரலில் குத்திப் பார்த்தால் 212. அம்மா சீனி மேல் பழி போட்டாள். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அந்த ரெண்டு துண்டில் 6 கிராம் சீனி என்றால், மாவுச்சத்து அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. மாவுச்சத்தும் வயிற்றில் குளுக்கோஸாகத்தான் உடையும். தூக்கம் கெட்ட ராத்திரியும் சேர்ந்து ஏற்றியிருக்கும். 212க்குச் சீனி மட்டும் காரணமில்லை.

“அப்ப சீனியைப் போடாம இருந்தா அந்த ஆறு கிராமாவது மிச்சம்லா?” என்றாள் அம்மா. அது நியாயம்தானே.

அக்டோபர் 7, திங்கள் – எடிசன்

தம்பி மனைவியோடு சூப்பர் மார்க்கெட் போனேன். ரொட்டிக்கென்றே ஒரு முழு வரிசை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. எங்கள் ஊரில் ஒரு மளிகைக்கடையே அதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வெள்ளை ரொட்டியில் சர்க்கரை, கோதுமை ரொட்டியில் சர்க்கரை, பன்னிரண்டு தானியம் என்று போட்ட ரொட்டியில் சர்க்கரை. சிலதில் சர்க்கரைக்குப் பதில் சோளத்திலிருந்து எடுக்கும் ஃப்ரக்டோஸ் பாகு. அமெரிக்காவில் வெளிநாட்டுச் சர்க்கரை வரக் கட்டுப்பாடு இருப்பதால் இங்கே சர்க்கரை விலை கூடுதல். சோளமோ மலிவாக விளைகிறது. 1970களிலிருந்து அந்தப் பாகு எல்லாப் பண்டத்துக்குள்ளும் புகுந்த கதை அதுதான். இப்போது பல கம்பெனிகள் “சோளப்பாகு இல்லை” என்று உறையில் பெரிதாகப் போடுகின்றன. பின்னால் திருப்பினால் அதற்குப் பதிலாகக் கரும்புச் சர்க்கரை இருக்கிறது!

நான் அப்படிப் படித்துக்கொண்டே நின்றதைப் பார்த்து ஒரு வயதான அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கழுத்தில் சங்கிலி கட்டிய கண்ணாடி. “சர்க்கரை இல்லாதது தேடுகிறாயா? என் வீட்டுக்காரருக்கும் அதே தொல்லைதான். இங்கே இருக்காது, அந்தப் பக்கம் வா” என்று கடையின் மறுமூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே கடையிலேயே சுட்ட ரொட்டிகள் தாள் பையில் இருந்தன. புளிமாவு ரொட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். மாவு, தண்ணீர், உப்பு, புளிக்காடி, அவ்வளவுதான். விலை 5 டாலர் 99. தம்பி வீட்டு ரொட்டி 3 டாலர் 79. முன்பின் தெரியாத எனக்காக அவர் செலவழித்த பத்து நிமிடத்தை மறக்கமாட்டேன். இந்த ஊர் மனிதர்களிடம் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். பேச்சுக் கொடுக்கத் தயங்கவே மாட்டார்கள்.

ராத்திரி அந்த ரொட்டியைத் தம்பி மகனுக்குக் கொடுத்தோம். ஏழு வயது. ஒரு கடிதான். “அத்தை, இதுல ரொட்டி டேஸ்டே இல்ல” என்று தட்டைத் தள்ளிவிட்டான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல் முளைத்த நாளிலிருந்து அவன் சாப்பிட்ட ரொட்டி எல்லாம் இனித்ததுதான். இனிப்பு இருந்தால்தான் அவனுக்கு அது ரொட்டி. எனக்கு வருத்தமாக இருந்தது. மிட்டாய் கொடுத்தால் மிட்டாய் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறோம், ஒன்று போதும் என்று நிறுத்தவும் முடிகிறது. ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் யார் நிறுத்துவது?

கம்பெனிக்காரர்கள் ஏன் போடுகிறார்கள் என்று தம்பி கேட்டான். காரணம் பல. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும், ரொட்டி பல நாள் மெத்தென்று இருக்கும். மேல்தோல் சீக்கிரம் சிவக்கும். முழுக்கோதுமையில் தவிட்டின் இலேசான கசப்பை மறைக்கும். ஈஸ்டுக்குத் தீனி என்றும் சொல்வார்கள், ஆனால் ஈஸ்டுக்கு அது கட்டாயமில்லை. மாவில் உள்ள நொதியே மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அந்த நேரம்தான் பாக்டரியில் கிடையாது. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த முறையில், மாவை வெகுவேகமாக அடித்துப் பிசைந்து, ஈஸ்டையும் கொழுப்பையும் கூடுதலாகப் போட்டு, சில மணி நேரத்தில் மாவிலிருந்து பாக்கெட் ரொட்டி வரைக்கும் வந்துவிடலாம். ராத்திரி முழுக்கப் புளித்தால் தானாக வரும் மணமும் ருசியும் அதில் வராது. அந்த இடத்தைச் சீனி நிரப்புகிறது.

அக்டோபர் 10, வியாழன் – டப்ளின்

மழை. இறங்கும்போதே மழை, சாரலாக, குடை பிடித்தாலும் பக்கவாட்டில் நனைக்கும் மழை. அதைவிட மோசம், எங்கள் பெட்டிகளில் ஒன்று வரவில்லை. விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று எழுதிக்கொடுத்தோம். மாத்திரை கைப்பையில் இருந்தது, நல்ல காலம். குளுக்கோமீட்டரும் பட்டைகளும் தொலைந்த பெட்டியில்.

லூக்கனில் சித்தி மகள் அக்கா வீடு. வழியிலேயே ஒரு மருந்துக்கடையில் நிறுத்தி புது மீட்டர் வாங்கினோம். ராத்திரி சாப்பிட்ட பிறகு குத்திப் பார்த்தால் 9.1 என்று காட்டியது. அம்மா அரண்டுவிட்டாள். “என்னளா, ஒம்போதுக்கு இறங்கிட்டு? மயக்கமே வரலியே!” அயர்லாந்தில் மில்லிமோல் கணக்கு. நம் ஊரிலும் அமெரிக்காவிலும் மில்லிகிராம் கணக்கு. 18ஆல் பெருக்க வேண்டும். 9.1 என்றால் 164. அதைத் தாளில் பெருக்கிக் காட்டிய பிறகுதான் அம்மா படுக்கப் போனாள். சர்க்கரை உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு அயர்லாந்து மாதிரி நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்த 18ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 11, வெள்ளி – லூக்கன்

பெட்டி இன்னும் வரவில்லை. அம்மா அக்காவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் மூதாட்டி, இந்தியாவிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, துணியில் சுற்றி ஒரு ரொட்டி கொண்டுவந்தார். இன்னும் சூடாக இருந்தது. உருண்டை, பழுப்பு, மேலே சிலுவைபோல் ஆழமாக ஒரு வெட்டு. சோடா ரொட்டி.

எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. முழுக்கோதுமை மாவு, கொஞ்சம் வெள்ளை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர். பிசையவே கூடாதாம், கையால் கூட்டிச் சேர்த்தால் போதும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் கரியமில வாயு கிளம்பிவிடும், உடனே அடுப்பில் வைத்துவிட வேண்டும். அயர்லாந்தில் விளையும் கோதுமை மென்மையானது, பசைத்தன்மை குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாகச் சரிப்படாது. 1830களில் சோடா உப்பு பரவலாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இந்த ரொட்டி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. மேலே வெட்டுவது தேவதைகளை வெளியே விடுவதற்கு என்றார் சிரித்துக்கொண்டே. நடுப்பகுதிக்குச் சூடு ஏறவும் அந்த வெட்டு வேண்டும்.

சீனி? “எதற்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நேரம் இல்லாததால்தான் சீனி என்று எடிசனில் எழுதியிருந்தேன். இந்த ரொட்டிக்குப் புளிக்கும் நேரமே கிடையாது, முக்கால் மணியில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் சீனி இல்லை. மோரின் புளிப்பே ருசி கொடுத்துவிடுகிறது. அம்மாவுக்கு மோர் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த ரொட்டியின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. ஒரு துண்டு, உப்பு வெண்ணெய், ஒரு அவித்த முட்டை. பயணம் தொடங்கியதிலிருந்து அம்மா ருசித்துச் சாப்பிட்ட முதல் ரொட்டி இதுதான்.

அக்டோபர் 12, சனி – டப்ளின்

பெட்டி வந்துவிட்டது. ஒரு சக்கரம் உடைந்து, உள்ளே ஊறுகாய் பாட்டில் பத்திரமாக.

மத்தியானம் அத்தான் ஒரு வழக்கின் கதையைச் சொன்னார். கணக்கு வேலை பார்க்கிறவர், வரிச் சட்டம் அவருக்கு அத்துப்படி. அயர்லாந்தில் 1972இல் வந்த மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில், அடிப்படை உணவுக்கு வரி கிடையாது, ரொட்டி அதில் ஒன்று. ஆனால் எது ரொட்டி என்று சட்டமே சொல்கிறது: சர்க்கரை, கொழுப்பு, ரொட்டி மேம்படுத்தும் பொருள் ஆகிய எதுவும் மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சப்வே சாண்ட்விச் கடை ஒன்றை நடத்திய நிறுவனம், தாங்கள் விற்பதும் அடிப்படை உணவுதான், கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு நீதிமன்றம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில் தீர்ப்பு. அந்த ரொட்டியில் சர்க்கரை மாவின் எடையில் 10 சதவீதம். ஒரு கிலோ மாவுக்கு 20 கிராம்தான் அனுமதி, இருந்ததோ 100 கிராம். இந்தச் சட்டப்படி அது ரொட்டி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதை ரொட்டி என்று அழைத்து விற்கக்கூடாது என்று தீர்ப்பு சொல்லவில்லை. வரிக்காக மட்டும்தான். ஆனாலும் எனக்கு ஒரு நிறைவு. கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவில் எங்காவது ஒரு கோடு வேண்டும் அல்லவா? எப்போதோ யாரோ உட்கார்ந்து அதை எண்ணாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த எண் இருந்ததால்தான் கேள்வியே எழுந்தது.

ராத்திரி பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தேன். வெட்டிய வெள்ளை ரொட்டி இங்கேயும் மலைமலையாக இருக்கிறது. சிலதில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் பட்டியலில் வெகுகீழே, உப்புக்கும் பின்னால்.

அக்டோபர் 15, செவ்வாய் – பாரிஸ்

வானம் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. மழை இல்லை என்பதே பெரிய ஆறுதல். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கம் லா ஷப்பேலில் தங்கியிருக்கிறோம். தெருவில் இறங்கினால் தமிழ்ப் பலகைகள், முருங்கைக்காய், நல்லெண்ணெய், மல்லிகைப் பூ. அம்மாவுக்கு வீட்டுக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது.

காலையில் தெருமுனை ரொட்டிக்கடைக்குப் போனோம். உள்ளே போனதும் முதலில் “போன்ஜூர்” சொல்ல வேண்டும். சொல்லாமல் கையைக் காட்டினால் அந்தப் பெண் கேட்காததுபோல் நிற்பார். சொன்னால் முகமே மாறிவிடுகிறது. முன்னால் நின்றவர் பகெட் என்னும் நீளமான குச்சி ரொட்டி வாங்கும்போது நன்றாக வெந்ததாகக் கேட்டார். அடுத்தவர் அவ்வளவு சிவக்காததாகக் கேட்டார். அந்தப் பெண் சலிக்காமல் கூடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் எல்லோரும் கூர்முனையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே நடக்கிறார்கள்.

நாங்கள் வாங்கியது “டிரடிஸியோன்”, அதாவது பழைய மரபுப்படி செய்த பகெட். 1 யூரோ 35 சென்ட், சாதாரண பகெட்டைவிடக் கொஞ்சம் அதிகம். இந்தப் பெயரைச் சும்மா போட்டுக்கொள்ள முடியாது. 1993 செப்டம்பர் 13ஆம் தேதி பிரான்ஸ் அரசு ஆணை ஒன்று போட்டது: கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளிமாவு, இவற்றால்தான் செய்ய வேண்டும், எந்த நிலையிலும் உறைய வைக்கக்கூடாது, சேர்மானங்கள் கூடாது. பீன்ஸ் மாவு, சோயா மாவு, முளைகட்டிய கோதுமை மாவு இவை மட்டும் மிகச் சிறிய அளவில் அனுமதி. சர்க்கரைக்கு இடமே இல்லை. 1998இல் வந்த இன்னொரு சட்டப்படி, மாவு பிசைவதிலிருந்து சுடுவது வரை அங்கேயே செய்கிற கடைதான் “புலான்ஜெரி”, அதாவது ரொட்டிக்கடை, என்று பலகை மாட்டலாம்.

கடைக்குள்ளிருந்து மாவு படிந்த முன்கவசத்தோடு ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு நின்றார்.

“இந்தியாவோ அம்மா?”

“பாளையங்கோட்டைய்யா. நீங்க?”

“நான் சாவகச்சேரி. வந்து கனகாலம்.”

அம்மா உடனே விஷயத்துக்கு வந்துவிட்டாள். இதில் சீனி உண்டா?

“சீனி ஒண்டும் போடுறேல்லை அம்மா. மா, தண்ணி, உப்பு, ஈஸ்ட். ஈஸ்டும் கொஞ்சம்தான். பின்னேரம் குழைச்சு வைச்சா விடிய மட்டும் குளிர்ப்பெட்டிக்குள்ள கிடக்கும். அப்பதான் வாசம் வரும்.” ஒரு பகெட்டைக் குறுக்கே பிளந்து காட்டினார். உள்ளே வெண்ணெய் நிறம், தூய வெள்ளை இல்லை. ஓட்டைகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒழுங்கே இல்லாமல். ஓட்டைகளின் சுவர் மினுமினுவென்று இருந்தது. விரலால் அமுக்கிவிட்டால் மெல்ல எழும்பி வந்தது. மூக்கருகே பிடித்தால் வறுத்த முந்திரி வாசம், அதற்கடியில் இலேசான புளிப்பு. “ஓட்டை எல்லாம் ஒரே அளவா இருந்தா அது அவசரத்தில செய்த பாண். இனிப்பா வேணுமெண்டா பிரியோஷ் இருக்கு அம்மா, அதில சீனி, பட்டர், முட்டை எல்லாம் இருக்கு. அது வேற சாமான்.”

இனிப்பு வேண்டுமென்றால் இனிப்பு ரொட்டி, தினப்படி ரொட்டி என்றால் இது. ரெண்டையும் கலக்காமல் வைத்திருக்கிறார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

அம்மாவின் பல் செட்டுக்கு அந்த மேல்தோல் ஒத்துவரவில்லை. காப்பியில் முக்கித்தான் சாப்பிட்டாள். பக்கத்து மேசையில் ஒரு பெரியவரும் அகலக் கிண்ணத்துக் காப்பியில் முக்கி முக்கித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரெண்டு மணி நேரம் கழித்து 201. சீனி இல்லாத ரொட்டிக்கும் இந்த அளவு ஏறத்தான் செய்கிறது. வெள்ளை மாவு வெள்ளை மாவுதான். சர்க்கரை உள்ளவர்கள், பிரான்ஸ் ரொட்டி என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். உப்பும் உண்டு. ரொட்டியில் உப்பைக் குறைப்பதற்கென்றே 2022இல் இங்கே அரசும் ரொட்டிக்காரர்களும் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 16, புதன் – பாரிஸ்

மெட்ரோ பிடித்து இருபதாம் வட்டாரத்துக்குப் போனோம். ஒரே ஒரு கடைக்காக. பாரிஸில் வருடாவருடம் சிறந்த பகெட்டுக்குப் போட்டி வைப்பார்கள். ஜெயித்தவர் ஒரு வருடம் எலிஸே மாளிகைக்கு, அதாவது பிரான்ஸ் அதிபரின் சாப்பாட்டு மேசைக்கு, ரொட்டி கொடுப்பார். 2023இல் அந்தப் பரிசை வாங்கியவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பகெட் செய்யும் கலையையும் அதைச் சுற்றிய பழக்கங்களையும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது 2022 நவம்பரில். அதற்கு அடுத்த வருடமே இந்தப் பரிசு.

கடைக்குள் நாலைந்து பேர்தான். அவரைப் பார்க்க முடியவில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்கவும் இல்லை. பகெட்டை வாங்கி, எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா தாளில் சிந்திய துகளைக்கூட விடவில்லை. “நம்ம பிள்ளை ஒண்ணு போய் அவனுவளுக்கே ரொட்டி சுட்டுக் குடுத்துருக்கு பாத்தியா” என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது.

திரும்பும் வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தேன். இங்கேயும் பாக்கெட்டில் வெட்டி அடுக்கிய மென்மையான ரொட்டி உண்டு. பட்டியலைப் பார்த்தேன், சர்க்கரை இருக்கிறது. வாங்கவும் ஆள் இருக்கிறது. சாண்ட்விச்சுக்கும் குழந்தைகளுக்கும் வாங்குவார்களாம். பிரான்ஸிலும் எல்லாம் சுத்தம் என்றில்லை. ஆனால் அதைவிட மலிவாக, பத்தடி தள்ளி, சீனி இல்லாத சூடான ரொட்டி கிடைக்கிறது. எடிசனில் சீனி இல்லாததற்குத்தான் ரெண்டு டாலர் கூடுதல்.

அக்டோபர் 20, ஞாயிறு – ஃப்ரைபுர்க், ஜெர்மனி

நேற்று ராத்திரி வந்து சேர்ந்தோம். என்னோடு படித்த தோழி இங்கே இருக்கிறாள். அவளுக்கு ராத்திரிப் பணி, காலையில் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடிக்கிடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பால்கூட வாங்க முடியவில்லை. பனிமூட்டத்தில் ஆளில்லாத தெருவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம், வாசலில் பத்துப் பேர் வரிசை. ரொட்டிக்கடை! ஞாயிற்றுக்கிழமையும் சில மணி நேரம் திறக்க ரொட்டிக்கடைகளுக்குச் சலுகை உண்டாம்.

பலகையில் ரொட்டிப் பெயர்கள் மேலிருந்து கீழ்வரை. ஜெர்மனியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரொட்டி வகைகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். 2014இல் ரொட்டிப் பண்பாட்டையே தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். கை காட்டி ஒரு கம்பு நிறத்து ரொட்டி கேட்டேன். ரை என்னும் தானியத்தில் செய்தது. வெட்டித் தரவா என்று சைகையில் கேட்டு, ஓர் இயந்திரத்தில் வைத்துச் சீராக வெட்டிக் கொடுத்தார். ஒரு கிலோ 5 யூரோ 80. கையில் வாங்கியபோதுதான் கனம் தெரிந்தது, செங்கல்லைத் தூக்குகிற கனம்.

ரை மாவுக்குப் புளிப்பு கட்டாயம். புளிக்க வைக்காமல் சுட்டால், அதிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்து உள்ளே களிமாதிரி ஆக்கிவிடும். புளிப்பின் அமிலம்தான் அந்த நொதியை அடக்குகிறது. தோழி மத்தியானம் வந்து பம்பர்நிக்கல் என்ற கறுப்பு ரொட்டியையும் எடுத்து வைத்தாள். குறைந்த சூட்டில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் வேக வைப்பார்கள். அவ்வளவு நேரம் வெந்ததில் மாவுச்சத்தே கொஞ்சம் சர்க்கரையாக மாறி, கறுத்து, தானாக இலேசாக இனிக்கிறது. அம்மா நாக்கில் வைத்ததும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பாக்கெட்டைக் காட்டினேன்: ரை, தண்ணீர், உப்பு. சில கம்பெனிகள் இதிலும் சர்க்கரைப் பீட்ரூட் பாகு கலப்பது உண்டு என்றாள் தோழி. ஆக, எங்கே போனாலும் பின்பக்கம் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் ஜெர்மனியின் விதி ஒன்றும் அவ்வளவு கடுமை இல்லை. 90 பங்கு தானியத்துக்குக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்து 10 பங்குக்குள் இருந்தால் அதை ரொட்டி என்றே சொல்லலாம். அயர்லாந்து வரிச் சட்டத்தைவிட இது எவ்வளவோ தாராளம். அப்படியும் அந்தக் கடையில் நான் பார்த்த தினப்படி ரொட்டிகளில் இனிப்பு இல்லை. வாங்குகிறவர்கள் புளிப்புக்குப் பழகியிருக்கிறார்கள். சட்டம் விட்டுக்கொடுத்தாலும் நாக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

சாயங்காலம் டிராமில் எதிரே தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. ஒரு வயதுகூட இருக்காது. கையில் ஒரு துண்டு பிரெட்ஸல், முடிச்சுப்போல் முறுக்கிச் சுடும் ரொட்டி, இனிப்பு இல்லாதது. இறங்கும் வரை அதையே சப்பிக்கொண்டிருந்தது. தம்பி மகன் நினைவு வந்தது. அவனுக்கும் இந்த வயதில் இதைக் கொடுத்திருந்தால் இதைத்தானே கேட்டிருப்பான்?

அக்டோபர் 21, திங்கள் – ஃப்ரைபுர்க்

பனி விலகி நல்ல வெயில். மூன்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றிக் காலைச் சந்தை: பூசணி, ஆப்பிள், தேன், பூக்கள். தோழி எங்களைக் கோபுரத்துக்கு அடியில் வாசல் மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். செந்நிறக் கல் சுவரில் வட்டங்களும் நீள்வட்டங்களும் செதுக்கியிருக்கின்றன. ரொட்டியின் அளவுகள்! பக்கத்தில் ஆண்டுகள்: 1270, 1317, 1320. முழக்கோல், தானிய அளவு, செங்கல் அளவு எல்லாமும் அதே சுவரில். சந்தையில் வாங்கிய ரொட்டி சிறிதாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அந்தக் காலத்து ஆட்கள் நேரே இங்கே வந்து சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவில் விடாமழையும் பெரும் பஞ்சமும். அந்த 1317ஐச் சுவரில் பார்த்தபோது, ஒரு ரொட்டியின் அளவுக்குள் எத்தனை வீட்டுப் பசி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா உள்ளங்கையை ஒரு வட்டத்தில் வைத்து அளந்து பார்த்தாள். “கடைக்காரன் ஏமாத்துவான்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. படிக்கத் தெரியாதவனும் பாத்துக்கிடலாம்லா.”

அவள் சொன்னது மிகச் சரி. எடிசனில் கண்ணாடி போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். இங்கே கை வைத்துப் பார்த்தால் போதும். ரொட்டியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் ரெண்டுக்கும் நோக்கம். நம் நாட்டிலும் 2020இல் வந்த விதிகளின்படி பாக்கெட் உணவில் சேர்த்த சர்க்கரையைத் தனியாக எழுத வேண்டும். ஆனால் நாம் வாங்கும் ரொட்டியில் நிறைய, தெருமுனை பேக்கரியில் பிளாஸ்டிக் உறையில் கட்டி, எந்த எழுத்தும் இல்லாமல் வருவதுதான். காய்ச்சல் வந்தால் பாலில் முக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அதைத்தான். சர்க்கரை உள்ள பெரியவர்கள் “சோறு வேண்டாம், ரொட்டி போதும்” என்று ராத்திரி சாப்பிடுவதும் அதைத்தான்.

மத்தியானம் ரை ரொட்டி ரெண்டு மெல்லிய துண்டு, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய். பிறகு பார்த்தால் 158. நிறைய நடந்த நாள், அதனால் ரொட்டிக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது. அம்மா கொடுத்துவிட்டாள். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். புளிப்பு இருப்பதால் ஒரு வாரம் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

நாளை ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து விமானம். ஊருக்குப் போனதும் எங்கள் தெரு பேக்கரி அண்ணாச்சியிடம் ஒரு கிலோ மாவுக்கு எத்தனை கிராம் சீனி போடுகிறார் என்று கேட்கப் போகிறேன். மறைக்கிற ஆள் இல்லை, சொல்லிவிடுவார். சீனி போடாமல் ராத்திரி புளிக்க வைத்து எங்களுக்கு மட்டும் ரெண்டு ரொட்டி சுட்டுத் தருவாரா என்றும் கேட்க வேண்டும். தெருவில் இன்னும் நாலு வீட்டில் சர்க்கரைக்காரர்கள் உண்டு; அவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் ஒத்துக்கொள்வார்.